டுமீல் சொல்லாத துப்பாக்கி

ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பிரேக்கம்மாவிடம் கற்றுக்கொண்டவர்கள். பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வேறு; அது அவளுக்கே சமயத்தில் மறந்துபோகும். பயிற்சிக் காரில் கற்பவர் காலடியில் ஒரு பிரேக் உண்டு, பக்கத்தில் உட்காரும் அவள் காலடியில் இன்னொன்று. கற்பவர் மிதிக்க மறந்தால் அவள் மிதிப்பாள். கற்பவர் எப்போதும் மறப்பார். இப்படிப் பொழுதன்றைக்கும் மிதித்து மிதித்து, வீட்டில் சாப்பாட்டு மேஜையில் யாராவது கரண்டியைச் சட்டென்று நீட்டினால்கூட அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

அவளிடம் கற்றவர்களிலேயே மகா மோசமானவர், ஓய்வுபெற்ற ஒரு மேடை நடிகர். எதிரே லாரி வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அதைப் பார்த்து வசனம் பேசுவார். லாரிகள் வசனத்துக்கு ஒதுங்குவதில்லை. தேர்வில் தோற்றுத் தோற்று, தேர்வு அதிகாரியே அவரைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் நிலை வந்தபிறகு ஒருவழியாகத் தேறினார். மறுநாள் காலை, நீளமான ஒரு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு பயிற்சிப் பள்ளி வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், என் உயிரைப் பலதடவை காப்பாத்தினீங்க. பதிலுக்கு என் உயிரானதை உங்களுக்குத் தர்றேன். மறுக்கக் கூடாது."

மூட்டையைப் பிரித்தால் துப்பாக்கி. பழங்காலத்துச் சாமான். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். தேக்கு நிறக் கட்டை, கருநீலக் குழல். பின்பக்கம் திறப்பதற்கு ஒன்றுமில்லை. போடுவதெல்லாம் வாய் வழியாகத்தான். நடிகர் அங்கேயே நின்று செய்து காட்டினார். முதலில் கரிமருந்தை அளந்து குழலின் வாயில் கொட்ட வேண்டும். வாயின்மேல் எண்ணெய் தடவிய துணித்துண்டு, அதன்மேல் ஈயக் குண்டு. இரண்டையும் சேர்த்து இடிகம்பியால் அடிவரை இறுக்க வேண்டும். பிறகு, குதிரை என்று சொல்லப்படும் கொக்கியைப் பின்னால் இழுத்து, அதனடியில் ஒரு சின்னப் பொட்டு கேப்பைப் பொருத்த வேண்டும். அப்புறம் குறி, அப்புறம் விசை.

"மேடையில இதை வெச்சு ஒரு படையையே அழிச்சிருக்கேன் டீச்சர். ஆனா அது வெறும் மருந்து. குண்டு போட்டுச் சுட்டதே இல்ல. போட்டா எங்க போகும்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

அந்தக் கடைசி வாக்கியம் பிரேக்கம்மாவின் மனதில் போய்த் தைத்துவிட்டது. போகிறதையெல்லாம் நிறுத்துவதே பிழைப்பாகிப்போனவளுக்கு, ஒன்றே ஒன்றைப் போகவிட்டு, அது எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும்போல் ஆசை வந்தது. சின்னப் பிள்ளைக்கு வருகிற மாதிரியான ஆசை. தூக்கம் வரவில்லை.

அவள் வீட்டுக்காரர் மெத்தைக் கடை வைத்திருந்தார். மென்மையான தொழில், மென்மையான மனிதர்.

"கரப்பான் பூச்சியைக் கண்டா கட்டில் மேல ஏறிக்கிற குடும்பம் நம்மளது. நமக்கெதுக்கும்மா துப்பாக்கி?"

"கட்டில் மேல ஏறுறது நீங்க. நான் துடைப்பத்தை எடுக்கிறவ."

வீட்டுக்காரர் துப்பாக்கியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கடைக்குப் போய், மெத்தை உறைத் துணியின் வெட்டுத்துண்டுகளை ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்து, "குண்டுக்கடியில வைக்க இதைவிட இறுக்கமான நெசவு கிடைக்காது" என்று மேஜைமேல் வைத்தார். சம்மதம் என்பதை அவர் எப்போதும் இப்படித்தான் சொல்வார்.

உரிமம் வழங்கும் அலுவலகத்தில் விஷயத்தைத் தெளிவாகவே சொன்னார்கள். துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், சுடக் கூடாது. குறிவல்லார் சங்கத்தில் சேர்ந்து, சங்கத்தின் ஆண்டு விழாவுக்குள் குறி அடித்து, சான்று வாங்கிவிட்டால் அப்புறம் அவள் பாடு. வாங்காவிட்டால் துப்பாக்கி சங்கத்துக்கே போய்விடும்.

குறிவல்லார் சங்கத்துக்கு ஊரின் எல்லையில் சொந்தக் கட்டடம் இருந்தது. முன்கூடத்தில் பழைய தலைவர்களின் படங்கள், அவற்றுக்குக் கீழே அவர்களுடைய துப்பாக்கிகள். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு புத்தம்புது ஆணி. ஆணிக்குக் கீழே பித்தளைத் தகட்டில், 'வாய்வழி மருந்திடும் துப்பாக்கி, பயிற்சிப் பள்ளி அம்மையாரின் அன்பளிப்பு' என்று பொறித்தே விட்டிருந்தார்கள்.

"நான் இன்னும் கொடுக்கலையே?" என்றாள் பிரேக்கம்மா.

"அவசரமே இல்ல மேடம். விழா முடிஞ்சதும் கொடுத்தாப் போதும்" என்றார் தலைவர் பெருந்தன்மையாக.

தலைவரின் மார்பு முழுவதும் பதக்கங்கள். அவற்றின் கனத்தில் அவர் சற்று முன்பக்கம் சாய்ந்தே நடந்தார். கவிழ்ந்துவிடாமல் பிடிப்பதற்குச் செயலாளர் எந்நேரமும் ஓரடி பின்னாலேயே வந்தார்.

"இந்த மைதானத்துல இதுவரைக்கும் ஒரு விபத்து கிடையாது. ஒரு கீறல் கிடையாது. உலகத்துல வேற எந்தச் சங்கமும் இப்படி மார்தட்டிச் சொல்ல முடியாது" என்றார் தலைவர்.

"எப்படிங்க?"

"நாங்க சுடறதில்ல."

பிரேக்கம்மா தனக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தாள். மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். தூரத்தில் மண்மேடு, அதற்கு முன்னால் குறிப்பலகைகள். இந்தப் பக்கம் உறுப்பினர்கள் வரிசையாக நின்றார்கள். கச்சிதமான சீருடை, பளபளக்கும் பூட்ஸ். ஒருவர் துப்பாக்கியைத் தூக்கினார், கட்டையில் கன்னத்தைப் பதித்தார், ஒற்றைக் கண்ணை மூடினார், மூச்சை அடக்கினார்.

"டுமீல்" என்றார்.

வாயால்தான். செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு அந்த டுமீலை உள்ளுக்குள் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்து, "ஒன்பது" என்றார். வரிசை கைதட்டியது. சுட்டவர் அடக்கமாகக் குனிந்து, குழலின் நுனியில் இல்லாத புகையை ஊதினார்.

"டுமீல்ங்கறது லேசுப்பட்ட விஷயமில்ல மேடம்" என்று செயலாளர் விளக்கினார். "'டு'வில மருந்து பத்திக்குது. 'மீ'யில குண்டு போகுது. 'ல்'லில குறியில படுது. எதுல பிசகினாலும் போச்சு. எங்க, நீங்க ஒண்ணு சுடுங்க பார்ப்போம்."

பிரேக்கம்மா வெட்கத்தோடு துப்பாக்கியைத் தூக்கி, "டுமீ..." என்று இழுத்தாள். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

செயலாளரின் முகம் வாடியது. "'ல்'லை விழுங்கிட்டீங்க. உங்க குண்டு இன்னும் போயிக்கிட்டேதான் இருக்கு. எங்கேயும் படலை. தயவுசெஞ்சு இனிமே இப்படி ஆபத்தா விளையாடாதீங்க."

எதிர்ச் சாரியில் இன்னொரு கட்டடம் தெரிந்தது. அது என்ன என்று கேட்டது தப்பாகப் போயிற்று. தலைவர் சட்டென்று அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார். ஒருகாலத்தில் ஒரே சங்கமாக இருந்து, பிரிந்துபோனவர்களின் இடமாம் அது. அவர்கள் சுட்டால் 'டமால்' என்று சொல்வார்களாம்.

"டமால்னா பானை உடையற சத்தம்! துப்பாக்கிச் சத்தமா அது?" என்று செயலாளர் பல்லைக் கடித்தார். "என் சொந்தத் தம்பி அங்க இருக்கான். பேச்சுவார்த்தையே இல்ல."

நின்று சுடுவோர், முட்டிபோட்டுச் சுடுவோர் தவிரப் படுத்துச் சுடுவோர் என்று ஒரு பிரிவும் இருந்தது. சங்கத்திலேயே அதில்தான் கூட்டம் அதிகம். நிழலில் வரிசையாக மெத்தை போட்டு, துப்பாக்கியை அணைத்துக்கொண்டு கவிழ்ந்திருந்தார்கள். மூச்சுக் கட்டுப்பாட்டுக்குத் தனி மதிப்பெண். பலர் அதில் வெகுதூரம் முன்னேறி, குறட்டைவரை வந்திருந்தார்கள். அன்று மாலை இதைக் கேட்ட வீட்டுக்காரர் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"அடடா! ஒரு துப்பாக்கிச் சங்கத்துக்கு எதுக்கு நம்ம கடையிலேருந்து இத்தனை மெத்தை போகுதுன்னு ரொம்ப நாளா யோசனை. வாய்ப்பந்தல் போடறவங்களைப் பார்த்திருக்கேன். வாய்த்துப்பாக்கி சுடறவங்களை இப்பத்தான் கேள்விப்படறேன்."

"சான்று வேணுமே. என்ன பண்றது?"

"டுமீல்னு சொல்லிட்டு வாங்கிட்டு வந்துடேன்."

சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. ஒவ்வொரு வாரமும் போனாள், ஒவ்வொரு வாரமும் தோற்றாள். அவளுடைய 'டு' ஈரமாக இருக்கிறதாம், மருந்து நமுத்துப்போயிருக்குமாம். ஒருவழியாக 'டு' காய்ந்தபோது 'மீ' இடதுபக்கம் சாய்ந்தது. வேலை நேரத்திலும் அவள் பழகிப் பார்த்தாள். மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணிக்கு வண்டி பழக்கிக்கொண்டிருந்தபோது, சிவப்பு விளக்கில் நின்ற இடத்தில் தன்னை மறந்து "டுமீல்!" என்றாள். மருந்துக்கடைக்காரி ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைகளைத் தூக்கினாள். ஜன்னலோரம் நின்ற போக்குவரத்துக் காவலரும் தூக்கினார். வண்டி தானாக நகரப் பார்த்தது. நல்லவேளை, அவள் வலது கால் விழித்திருந்தது.

துப்பாக்கியில் மருந்து போடும் பாடத்தில் இன்னும் பெரிய சிக்கல். சங்கத்தில் மருந்து கிடையாது. ஆகவே போடுகிற மாதிரி பாவனை செய்ய வேண்டும். பிரேக்கம்மா, மருந்து வைக்கும் காலி மாட்டுக்கொம்பைக் குழலில் சாய்த்தாள். செயலாளர் பதறிப்போய்த் தடுத்தார்.

"ஐயோ, சிந்திட்டீங்க மேடம்!"

"எதைங்க?"

"மருந்தைத்தான். கை நடுங்கிச்சே, பார்த்தேன். யாராவது சிகரெட்டோட வந்தா என்ன ஆகறது? இந்தாங்க துடைப்பம்."

அவள் சிந்தாத மருந்தைக் கூட்டி முறத்தில் அள்ளினாள். முறத்தைக் கவனமாகக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியில் கொட்டச் சொன்னார்கள். கொட்டினாள். தொட்டித் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வைத்தார்கள்.

அன்று அவளுக்குப் பொறுமை போய்விட்டது. நேரே தலைவர் அறைக்குப் போனாள்.

"ஐயா, ஒரே ஒரு தடவை நிஜமா மருந்து போட்டு, நிஜமா சுட்டுக் காட்டிடறேனே. அதைப் பார்த்துட்டு மார்க் போடுங்களேன்."

தலைவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "நிஜமா சுட்டா சத்தம் துப்பாக்கியோடது. உங்களுக்கு எப்படிம்மா மார்க் போடறது? யோசிச்சுப் பாருங்க. மருந்து இருந்தா எவன் வேணாலும் சுடுவான். அதுக்கு ஒரு சங்கம் எதுக்கு? தலைவர் எதுக்கு? சுடாம சுடறதுக்குத்தான் நாங்க எல்லாம் வேணும்."

வெளியே வந்தபோது, முன்கூடத்தில் செயலாளர் ஆணியைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார். பிரேக்கம்மா வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூடச் சுடாமலேயே இதைப் பிரிய வேண்டுமா என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குழலின்மேல் படிந்த தூசியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டார்.

ஆண்டு விழா வந்தது. மைதானத்தில் கொடிகள், நாற்காலிகள், பாண்டு வாத்தியம். மண்மேட்டில் முளைத்திருந்த புதரை மறைப்பதற்காகப் படுத்துச் சுடுவோரின் மெத்தைகளைக் குறிப்பலகைகளுக்குப் பின்னால் சுவர் மாதிரி அடுக்கி, மேலே பச்சைத் துணி போர்த்தியிருந்தார்கள். நடுப்பலகையின் நட்டநடுவில் ஏற்கெனவே ஓர் ஓட்டை இருந்தது. உருண்டையான, அழகான ஓட்டை. தலைவர் டுமீல் சொன்னதும் எல்லோரும் நடந்துபோய் அதைக் கண்டுபிடித்து ஆச்சரியப்படுவது வழக்கம். பதக்கம் அதற்குத்தான்.

சிறப்பு விருந்தினர், உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த ஆணையர். அன்று அதற்குமுன் வேறு பல விழாக்களில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. வரவேற்புரை, தொடக்கவுரை, அறிமுகவுரை எல்லாம் கேட்டார். செயலாளர் "டுமீல்: அன்றும் இன்றும்" என்ற தலைப்பில் ஆய்வுரையைத் தொடங்கியபோது அவர் கையைத் தூக்கிவிட்டார்.

"பேச்சுக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சுங்க. துப்பாக்கிச் சங்கம்னு சொன்னாங்களேன்னுதான் ஆசையா வந்தேன். யாராவது ஒருத்தர் எழுந்திருச்சு ஒரு தடவை சுடுங்களேன்."

பாண்டு வாத்தியம் நின்றது. தலைவர் எழுந்தார். துப்பாக்கியைத் தூக்கினார். "டுமீ..." என்று ஆரம்பித்தார்.

"வாயால இல்லைங்க" என்றார் ஆணையர். "அதால."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. உறுப்பினர்கள் தங்கள் துப்பாக்கிகளை முதல்தடவையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். செயலாளரின் குழலுக்குள் துரு ஏறி, ஈர்க்குச்சிகூட நுழையாது. ஒருவருடைய குழலில் குருவி கூடு கட்டியிருந்தது. தலைவருடைய துப்பாக்கியின் உள்ளே ஏதோ நகர்ந்தது. கவிழ்த்துத் தட்டினால், எப்போதோ காணாமல்போன அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு வந்து விழுந்தது.

பின்வரிசையிலிருந்து மேடைக் குரல் ஒன்று எழுந்தது. "டீச்சர்! மருந்து என்கிட்ட இருக்கு!"

நடிகர்தான். விழா பார்க்க வந்தவர், பழைய நாடகத்துச் சேனாதிபதி உடையில் வந்திருந்தார். இடுப்பில் மருந்துக் கொம்பும், குண்டும் கேப்பும் போட்ட பையும் தொங்கின. விழா முடிந்ததும் ஒப்படைப்பதற்காகக் கொண்டுவந்திருந்த துப்பாக்கியோடு பிரேக்கம்மா எழுந்தாள். வீட்டுக்காரர் பையிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்து எண்ணெயில் தோய்த்து நீட்டினார்.

"சட்டத்துல இடமே இல்ல!" என்று தலைவர் கத்தினார். "இந்தப் புனிதமான மைதானத்துல எங்க முன்னோர் யாரும் சுட்டதில்ல! நாளைக்கு எல்லாரும் சுட ஆரம்பிச்சா அப்புறம் யாரு சுடறா, யாரு சுடலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"சுடட்டும்" என்றார் ஆணையர். அவர் முகத்தில் அன்றைக்கு முதல்தடவையாக உயிர் வந்திருந்தது.

பிரேக்கம்மா மருந்தை அளந்து கொட்டினாள். துணி, குண்டு, இடிகம்பி. கம்பி அடியில்போய் முட்டும் சத்தம் அந்த அமைதியில் நன்றாகக் கேட்டது. குதிரையை இழுத்துக் கேப்பைப் பொருத்தினாள். கட்டை கன்னத்தில் குளிர்ந்தது. குழலின் நுனிக்கு அப்பால் பலகை ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது. கண்டுகொள்ளாமல் விசையை அழுத்தினாள்.

இடி விழுந்த மாதிரி இருந்தது. தோளில் யாரோ கதவால் அறைந்தார்கள். வெள்ளைப் புகை ஒரு வீடு அளவுக்கு எழும்பி முன்வரிசையை விழுங்கியது. உறுப்பினர்கள் அத்தனை பேரும் நாற்காலிகளுக்கு அடியில் போனார்கள். படுத்துச் சுடுவோர் பிரிவு மட்டும் பழக்கத்தால் முந்திக்கொண்டது. பாண்டு மேளக்காரர் மேளத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார். புகை விலகுவதற்குள் வானத்திலிருந்து என்னவோ மெதுவாக இறங்க ஆரம்பித்தது. வெள்ளையாக, மெல்லியதாக, சத்தமே இல்லாமல். இலவம்பஞ்சு. ஆணையர் தலையில் விழுந்தது, தலைவர் பதக்கங்களில் ஒட்டியது, நடிகரின் சேனாதிபதித் தொப்பியில் கூடு கட்டியது.

"என் மெத்தை!" என்றார் வீட்டுக்காரர், பூரிப்போடு. "எப்படிப் பறக்குது பாரு! முதல் தரம்னு சொன்னா யாரு நம்பினா?"

எல்லோரும் ஓடினார்கள். நடுப்பலகையில் ஒரே ஓர் ஓட்டை, காலையிலிருந்த அதே ஓட்டை. ஆனால் அதன் விளிம்பு ஒருபக்கம் ஈயம் உரசிக் கறுத்திருந்தது. அதற்கு நேர் பின்னால் மெத்தையின் வயிற்றிலிருந்து பஞ்சு கொப்புளித்துக்கொண்டிருந்தது. குண்டு, இருந்த ஓட்டை வழியாகவே போயிருந்தது.

"நட்டநடு!" என்று ஆணையர் கைதட்டினார். "சான்றை எடுங்க!"

"இல்லை!" என்று தலைவர் பலகைக்கு முன்னால் பாய்ந்து கைகளை விரித்தார். "இது மேடத்தோட ஓட்டை இல்லை. என் ஓட்டை! காலையிலயே தச்சரை வெச்சு நான் போட்ட ஓட்டை! வேணும்னா அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க. போன வருஷம் போட்டதும் அவர்தான், அதுக்கு முந்தின வருஷம் போட்டதும் அவர்தான். இந்த மார்ல தொங்கற பதக்கத்துல ஒண்ணாவது துப்பாக்கியால வந்ததுன்னு யாராவது சொல்ல முடியுமா? சொல்லட்டும் பார்ப்போம்!"

உறுப்பினர்கள் பலமாகக் கைதட்டினார்கள். பிறகு, எதற்குத் தட்டினோம் என்று ஒவ்வொருவராக யோசித்து நிறுத்தினார்கள்.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "ஓட்டைங்கறது பலகை இல்லாத இடம். குண்டு, பலகை இல்லாத இடத்துல போயிருக்கு. அதாவது பலகையில படலை. படலைன்னா குறி தப்பிடுச்சு. அது மட்டுமில்ல, மேடம் டுமீல் சொல்லலை. டுமீலே இல்லாதப்போ சுட்டதாவே எடுத்துக்க முடியாது."

"மெத்தையில பட்டிருக்கேய்யா?" என்றார் ஆணையர்.

"மெத்தை படுக்கறதுக்குங்க. குறியில சேராது."

பிரேக்கம்மாவுக்கு இந்த வாதம் எதுவும் காதில் விழவில்லை. உண்மையாகவே விழவில்லை, இரண்டு காதிலும் கொய்யென்று ஒரே ரீங்காரம். முகமெல்லாம் கரி, தலையெல்லாம் பஞ்சு. "எங்க போச்சுன்னு பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" என்று எதிர்ப்பட்டவர் கையையெல்லாம் பிடித்துக் குலுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆணையர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். அப்புறம் தலைவரைப் பார்த்தார்.

"சரிங்க. உங்க ஓட்டையாவே இருக்கட்டும். நீங்க ஒண்ணு சுடுங்க. சுட்டுட்டு, இந்த அம்மா சுட்டது சுட்டதில்லன்னு நீங்களே சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்."

மாட்டேன் என்று சொல்லத் தலைவருக்கு வாய் வந்தது. ஆனால் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்ச் சாரி டமால்காரர்கள் மதிற்சுவரில் ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரேக்கம்மா மருந்து போட்டுக் கெட்டித்துக் கொடுத்தாள். அவர் வாங்கிய விதத்தைப் பார்த்து, முதல்நாள் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களிடம் பேசுகிற குரலில் சத்தமாகச் சொன்னாள்:

"தோள்ல நல்லா அழுத்திக்குங்க. கண்ணை மூடாதீங்க. பயப்படாதீங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினார்.

இடி. புகை. புகைக்குள்ளிருந்து தலைவரின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. டுமீல் இல்லை.

"அம்மா!"

புகை கலைந்தது. தலைவர் மல்லாந்து கிடந்தார். பிடிப்பதற்காகவே இத்தனை காலம் பின்னால் நின்ற செயலாளர் அவருக்கு அடியில் கிடந்தார். குண்டு பக்கத்துப் பலகையின் மூலையைப் பெயர்த்துக்கொண்டு மண்மேட்டில் புதைந்திருந்தது. தலைவரின் மார்பு குலுங்கியது, பதக்கங்கள் கிணுகிணுவென்று ஒலித்தன. அழுகிறாரோ என்று பயந்து எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் ஆரம்பித்து, ஓசையெடுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் புரண்டு சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்:

"இன்னொண்ணு கெடைக்குமா மேடம்?"

அப்புறம் விழா இல்லை, வரிசைதான். செயலாளர் சுட்டார். படுத்துச் சுடுவோர் எழுந்து நின்று சுட்டார்கள். ஆணையர் கோட்டைக் கழற்றிவிட்டுச் சுட்டார். டமால்காரர்கள் சுவர் ஏறிக் குதித்து வந்து வரிசையில் சேர்ந்தார்கள். செயலாளரின் தம்பி சுட்டுவிட்டுப் பின்னால் விழுந்தபோது அண்ணன்தான் தாங்கிப் பிடித்தார். கெட்டித்துக் கெட்டித்துப் பிரேக்கம்மாவுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. நடிகரின் கொம்பு காலியாகும்வரை நடந்தது. சான்றில் தலைவர் கையெழுத்துப் போட்ட இடத்தில் கட்டைவிரல் கரி அப்பியிருந்தது. ஆணியில் நடிகரின் சேனாதிபதித் தொப்பியை மாட்டினார்கள்.

மறுவாரம் நன்றி சொல்லலாம் என்று பிரேக்கம்மா சங்கத்துக்குப் போனாள். உறுப்பினர்கள் வழக்கம்போல வரிசையாக நின்றார்கள். கச்சிதமான சீருடை. ஒருவர் துப்பாக்கியைத் தூக்கினார், கன்னத்தைப் பதித்தார், மூச்சை அடக்கினார்.

"அம்மா!" என்றார்.

வாயால்தான். செயலாளர் கண்ணை மூடி ஆராய்ந்து, "எட்டு" என்றார். பிறகு பிரேக்கம்மாவிடம் வந்து பெருமிதத்தோடு சொன்னார்: "தீர்மானம் போட்டுட்டோம் மேடம். டுமீலும் ரத்து, டமாலும் ரத்து. ரெண்டு சங்கமும் ஒண்ணாயிடுச்சு. இனிமே அம்மாதான். 'ம்'மை எவ்வளவு அழுத்தணும்ங்கறதுக்கு மட்டும் ஒரு துணைக்குழு போட்டிருக்கோம். அது முடிவு சொல்றவரைக்கும் மருந்து தொடக் கூடாது."

அவள் திரும்பி நடந்தாள். வாசலில் பயிற்சிக் காருக்குப் பக்கத்தில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். பதக்கங்களைக் கழற்றியிருந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், வேற எங்கேயாவது... யாரு கண்ணுலயும் படாம... ஒரே ஒரு தடவை?"

பிரேக்கம்மா பின்கதவைத் திறந்துவிட்டாள். அங்கே வீட்டுக்காரர் ஒரு மெத்தையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க, வாங்க" என்று நகர்ந்து இடம்கொடுத்தார். ஊருக்கு வெளியே கல் எடுத்துக் கைவிட்டுப்போன பழைய குழி ஒன்று இருந்தது. அங்கே சுட்டுக்கொள்ள ஆணையரிடம் அவள் அனுமதி வாங்கியிருந்தாள். தலைவர் வழிநெடுக, ஜன்னலுக்கு மேலே தலை தெரியாமல் குனிந்தே வந்தார்.

குழிக்குள் இறங்கினால் அங்கே ஏற்கெனவே ஆட்கள். படுத்துச் சுடுவோர் பிரிவு முழுவதும் வந்திருந்தது. நடிகர் பாறைமேல் நின்று மருந்துக் கொம்பை ஆட்டிக்கொண்டிருந்தார். எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தாரோ, இரைக்க இரைக்கத் தம்பியோடு செயலாளரும் இறங்கி வந்துகொண்டிருந்தார். தலைவரும் செயலாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திடுக்கிட்டு நின்றார்கள்.

"நடக்க வந்தேன்" என்றார் தலைவர்.

"நானும்தான் ஐயா. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்."

மற்றவர்களும் நடக்கத்தான் வந்தார்களாம். அத்தனை பேரும் நின்ற இடத்தில் கால் மாற்றி மாற்றி வைத்து நடந்து காட்டினார்கள். பிரேக்கம்மா காரிலிருந்து துப்பாக்கியை எடுத்தாள். இடிகம்பியை உருவினாள். எல்லோரையும் ஒருதரம் பார்த்தாள்.

"நடந்தது போதும். வரிசையில வாங்க. முதல்ல நான்."